முடக்கு வாதத்துக்குப் புது மாத்திரை: தெரிந்து கொண்டு சாப்பிடுவோம்!

பொழுது விடிந்தாயிற்று. வாசல் தெளிக்க வாளியைத் தூக்கப் போனால் விரல்கள் மடங்க மறுக்கின்றன. கோலப்பொடியைச் சிட்டிகை பிடிக்க முடியவில்லை. இட்லிப் பானை மூடியைத் திறக்க மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் கை 'நம்ம கை' என்று ஆகிறது. இப்படி எத்தனை பெண்கள் தினமும் தவிக்கிறார்கள், தெரியுமா?

"வயசாச்சு, வாயு பிடிச்சிருக்கு" என்று நாமே சொல்லிக் கொண்டு ஒரு தைலத்தைத் தேய்த்து விட்டு அடுப்படிக்குப் போய் விடுகிறோம். எங்கள் திருமானூர்ப் பக்கம் இன்னும் மோசம். கொள்ளிடக்கரை ஊர்களில் நாற்று நடவும் களை பறிக்கவும் பெண்கள் சேற்றில் இறங்குகிறவர்கள். கை வலித்தால் சேற்றின் மேலும், கால் வலித்தால் தண்ணீரின் மேலும் பழியைப் போட்டு விடுவார்கள். சிக்குன்குனியா காய்ச்சல் 2006இல் தமிழ்நாட்டைப் படுத்திய பிறகு, எந்த மூட்டு வலியானாலும் "அந்தக் காய்ச்சலோட மிச்சம்தான்" என்று சொல்வதும் வழக்கமாகி விட்டது.

ஆனால் எல்லா மூட்டு வலியும் ஒன்றல்ல, சகோதரிகளே! காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகளில் வீக்கம், ஆறு வாரத்துக்கு மேலும் விடாத வலி என்றிருந்தால், அது முடக்கு வாதமாக இருக்கலாம். சரவாங்கி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிற நோய். அதுவும் பெரும்பாலும் முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், வீட்டுப் பாரத்தை எல்லாம் நம் தோளில் ஏற்றி வைத்திருக்கும் காலத்தில் வருகிறது.

இந்த நோய்க்குச் சில ஆண்டுகளாகப் புதுவகை மாத்திரைகள் வந்திருக்கின்றன. 'கைனேஸ் தடுப்பு மாத்திரை' என்று பெயர். இவற்றைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் தெருவில் நடந்த ஒரு சங்கதிதான்.

நாத்தனார் கொடுத்த அட்டை

எங்கள் தெருவில் ஒரு பெண். நாற்பதைத் தொட்டிருக்கும். ஒரு வருஷமாக மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. திருச்சியில் இருக்கும் நாத்தனாருக்கும் அதே வலிதானாம். அங்கே டாக்டர் கொடுத்த மாத்திரையில் பதினைந்தே நாளில் நல்ல குணம் தெரிந்ததாம். பாசத்தோடு ஓர் அட்டையை இவளிடம் கொடுத்து அனுப்பி விட்டார்.

"அக்கா, இதை நானும் போட்டுக்கலாமா? அவங்களுக்கும் இதே வலிதானே?" என்று என்னிடம் கொண்டு வந்து நீட்டினாள்.

நல்ல வேளையாக பார்மசி படிக்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். டோஃபாசிடினிப் என்று போட்டிருந்தது.

"சித்தி, இது நல்ல மருந்துதான். ஆனா டி.பி. இருக்கா இல்லையான்னு பார்க்காம இதைத் தொடவே கூடாது. ஒருத்தருக்கு எழுதினதை இன்னொருத்தர் சாப்பிடுற சமாசாரமே இல்லை" என்றாள்.

அன்று முழுவதும் அவளை உட்கார வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். பிறகு நானும் படித்துப் பார்த்தேன். புரிந்ததை நம் பாஷையில் உங்களுக்கும் சொல்கிறேன்.

காவல்காரனே வீட்டைக் கொளுத்தினால்?

நம் உடம்பில் வெள்ளை அணுக்கள் என்ற காவல் படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் அடித்து விரட்டுவது இதன் வேலை. அந்தச் சண்டை நடக்கும் இடத்தில் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இதைத்தான் அழற்சி என்கிறார்கள். கிருமி ஒழிந்ததும் படை திரும்பி விட வேண்டும்.

சிலருக்கு இந்தப் படைக்கு ஆள் அடையாளம் தப்பி விடுகிறது. சொந்த உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. மூட்டின் உட்சவ்வைத் தாக்கினால் முடக்கு வாதம். தோலைத் தாக்கினால் செதில் செதிலாய் உதிரும் சொரியாசிஸ். முடியின் வேரைத் தாக்கினால் புழுவெட்டு. தோலுக்கு நிறம் தரும் அணுக்களைத் தாக்கினால் வெண்புள்ளி. பெருங்குடலைத் தாக்கினால் ரத்தமும் சீதமுமாய்ப் போகும் குடல் புண். இடம்தான் வேறு வேறு. கலகம் ஒன்றுதான். இவை தொற்று நோய்களும் அல்ல, பாவ புண்ணியக் கணக்கும் அல்ல. வெண்புள்ளி வந்த பெண்ணை ஒதுக்கி வைப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும்!

நிலா முகம் தந்த மருந்து

1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேயோ கிளினிக் என்ற ஆஸ்பத்திரியில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர், முடக்கு வாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு கார்டிசோன் என்ற புது மருந்தை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தாள்! 1950இல் அவருக்கும், வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. தொடர்ந்து கொடுத்தால் முகம் நிலா போல் உப்பியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. ஸ்டீராய்டு என்று நாம் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இந்தக் கார்டிசோன். ஆபத்தான நேரத்தில் உயிர் காக்கும். ஆனால் வருஷக் கணக்கில் தின்றால் உடம்பைத் தின்று விடும். 'மூட்டு வலிக்குக் கைகண்ட பொடி' என்று பெயர் தெரியாமல் விற்கிற சிலவற்றில் இதைக் கலந்து விடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்கள் பக்கத்து உதாரணம் சொல்கிறேன். புள்ளம்பாடி வாய்க்காலில் ஓரிடத்தில் மடை உடைந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். தண்ணீர் வயலை அழிக்கிறதே என்று வாய்க்காலையே தலைப்பில் அடைத்தால் என்ன ஆகும்? கடைசி வயல் வரைக்கும் காய்ந்து போகும். ஸ்டீராய்டு செய்வது அதுதான். உடைந்த மடையை மட்டும் அடைக்க வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். அந்தத் தேடலில் கிடைத்தவைதான் கைனேஸ் தடுப்பு மாத்திரைகள்.

குங்குமம் வைத்துச் சேதி சொல்லும் கைனேஸ்

கல்யாண வீட்டுக்காரர்கள் எப்படி அழைக்கிறார்கள்? குங்குமச் சிமிழை உள்ளங்கையில் வைத்துக் கொண்டு வருகிறார்கள். நெற்றியில் பொட்டு வைத்து, "அவசியம் வந்துடுங்க" என்கிறார்கள். பொட்டு வைத்தாகி விட்டால் அழைப்பு முறையாக வந்து விட்டது என்று அர்த்தம். நாமும் புறப்பட்டு விடுகிறோம்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. கைனேஸ் என்பது ஒரு புரதம். ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள்தான் அதன் குங்குமச் சிமிழ். அதிலிருந்து பாஸ்பேட் என்ற துணுக்கை எடுத்து அடுத்த புரதத்தின் மேல் பொட்டாக ஒட்டுகிறது. பொட்டு விழுந்ததும் அந்தப் புரதம் சுறுசுறுப்பாகி வேலையில் இறங்கி விடுகிறது. எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்ற இருவர் இந்தப் பொட்டு வைக்கும் சூட்சுமத்தை 1950களில் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1992இல்!

மனித உடம்பில் ஏறத்தாழ 518 வகைக் கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் கணக்கெடுத்திருக்கிறார்கள். அடேயப்பா! செல் வளர்வது, பிரிவது, சர்க்கரையைப் பயன்படுத்துவது, கிருமியோடு சண்டை போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கைனேஸ் பொட்டு வைத்தாக வேண்டும்.

அந்தச் சிமிழைப் பிடிக்கும் உள்ளங்கைக் குழியில் மருந்து போய் உட்கார்ந்து விட்டால்? சிமிழைப் பிடிக்க இடமில்லை. பொட்டு இல்லை. அழைப்பும் இல்லை. கலகம் அடங்கி விடும். யோசனை என்னவோ சுலபமானதுதான். ஆனால் 518 கைகளின் உள்ளங்கைக் குழியும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கின்றன. ஒரு கைக்கென்று செய்த மருந்து பத்துக் கைகளில் போய் உட்கார்ந்தால் தேவையான வேலைகளும் நின்று போகுமே! குறிப்பிட்ட கையை மட்டும் பிடிக்கிற மருந்தைத் தேடுவதில்தான் இத்தனை வருஷ உழைப்பும் போயிருக்கிறது. இப்படிக் குறி வைக்கலாம் என்ற நம்பிக்கையை முதலில் கொடுத்தது 2001இல் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு வந்த இமாடினிப் மாத்திரை.

வாசலில் நிற்கும் துவாரபாலகர்கள்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருமழபாடியில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. பெயரிலேயே வைத்தியம் இருப்பதால் நோய் தீர வேண்டிக் கொண்டு வருகிறவர்கள் அதிகம். எந்தச் சிவன் கோயிலிலும் சந்நிதி வாசலில் துவாரபாலகர்கள் ஜோடியாக நிற்பார்கள் அல்லவா? அதே மாதிரி ஒரு ஜோடி நம் செல்லின் வாசலிலும் நிற்கிறது. அவர்கள்தான் ஜாக் என்ற கைனேஸ்கள்.

இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்ற விஞ்ஞானி இவற்றைக் கண்டுபிடித்தார். ஏற்கெனவே எத்தனையோ கைனேஸ் இருக்கிறதே என்ற அலுப்பில், 'இதுவும் இன்னொரு கைனேஸ்' என்ற அர்த்தத்தில் அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஜாக் என்றார்கள். பிற்பாடு ரோமானியர்களின் வாசல் தெய்வமான ஜேனஸ் பெயரைச் சூட்டினார்கள். ஜேனஸுக்கு இரண்டு முகம். இந்தப் புரதத்திலும் ஒன்று போலவே இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று பொட்டு வைக்கிறது, இன்னொன்று அதைக் கட்டுப்படுத்துகிறது.

ஜாக்-1, ஜாக்-2, ஜாக்-3, டிக்-2 என்று மொத்தம் நான்கு பேர். வெளியிலிருந்து 'சண்டைக்கு வா' என்ற சேதி வாசலைத் தட்டினால், உள்ளே நிற்கும் ஜோடி அதை வாங்கி அடுத்த ஆளுக்குப் பொட்டு வைத்து விடும். அது நேரே செல்லின் நடுக்கருவுக்குப் போய், "வீக்கத்தை ஆரம்பி" என்று உத்தரவு போடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் ஜான் ஓஷே என்பவரின் குழு 1994இல் ஜாக்-3 பற்றிய விவரத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஒரு முக்கியமான உண்மை தெரிந்தது. பிறக்கும்போதே ஜாக்-3 பழுதாகிப் பிறந்த சில குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு சக்தி அறவே இல்லை. ஆனால் மற்ற உறுப்புகள் சரியாகவே இருந்தன. பாவம், அந்தக் குழந்தைகள் பட்ட துன்பத்திலிருந்து ஒரு வழி பிறந்தது. இந்தக் கதவை முழுக்க மூடாமல், பாதி சாத்தினால் கலகம் மட்டும் அடங்கும் அல்லவா? ஃபைசர் கம்பெனி இந்த வழியில் உழைத்து உருவாக்கிய டோஃபாசிடினிப், 2012 நவம்பரில் முடக்கு வாதத்துக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன் இத்தகைய புது மருந்துகள் பெரும்பாலும் ஊசியாகத்தான் இருந்தன. இது வாயில் போட்டு விழுங்கும் மாத்திரை!

எந்தக் கதவைச் சாத்துவது?

டோஃபாசிடினிப் ஒரே கதவோடு நிற்பதில்லை. முக்கியமாக ஜாக்-1, ஜாக்-3 இரண்டையும் பிடிக்கும். ஓரளவு ஜாக்-2 மேலும் கை வைக்கும். இந்த ஜாக்-2தான் ரத்தச் சிவப்பணு உற்பத்திக்குச் சேதி சொல்லும் கதவு. அதை அதிகம் சாத்தினால் ரத்த சோகை வரும். ஏற்கெனவே நம்மில் பாதிப் பேருக்கு ரத்தம் போதாது! ஆகவே மேலும் மேலும் குறி தப்பாத மருந்துகளைத் தேடினார்கள்.

2019இல் ஜாக்-1ஐ அதிகமாகக் குறி வைக்கும் உபாடாசிடினிப் வந்தது. 2022இல் சொரியாசிஸுக்கு டியூக்ராவாசிடினிப் வந்தது. இது செய்த தந்திரத்தைப் பாருங்கள்! எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும் உள்ளங்கையை விட்டு விட்டு, டிக்-2இன் முழங்கையைப் பிடித்துக் கொண்டது. அதாவது, பொட்டு வைக்கும் பகுதியைத் தொடாமல், கட்டுப்படுத்தும் பகுதியில் போய் ஒட்டிக் கொண்டது. 2023இல் புழுவெட்டுக்கு வந்த ரிட்லெசிடினிப், ஜாக்-3இன் உள்ளங்கையில் இருக்கும் ஒரு 'மச்சத்தை'க் கண்டுபிடித்து அதில் ஒட்டுகிறது. மற்ற மூன்று ஜாக்குகளுக்கும் அந்த இடத்தில் அந்த மச்சம் இல்லை. இதைப் பன்னிரண்டு வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள். தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டி, பள்ளிக்கூடம் போகக் கூச்சப்படும் பெண் குழந்தையின் தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சின்னக் குழந்தைகளுக்கும் மூட்டு வாதம் வருவதுண்டு. 'வளரும் வலி' என்று தள்ளி விடாதீர்கள். மூட்டு வீங்கி, காலையில் நொண்டி நடக்கும் குழந்தையைக் கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் ஒருவகை மூட்டு வாதத்துக்கு டோஃபாசிடினிப் கொடுக்கலாம் என்று 2020இல் அமெரிக்காவில் அனுமதி தந்தார்கள்.

நம் நாட்டுக்காரர்களும் இதில் பின்தங்கி விடவில்லை. மும்பையின் சன் பார்மா, அமெரிக்காவின் கான்சர்ட் கம்பெனியை 2023இல் வாங்கியது. அங்கே உருவான டியூருக்சோலிடினிப் என்ற புழுவெட்டு மாத்திரைக்கு 2024 ஜூலையில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மருந்தில் சில இடங்களில் சாதா ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜனை வைத்திருக்கிறார்கள். அதனால் அது உடம்பில் சீக்கிரம் சிதைந்து போவதில்லை.

கொரோனா காலத்தில் ஒரு பாடம்

2021 மே மாதத்தை மறக்க முடியுமா? ஆக்சிஜனுக்காக ஊரெல்லாம் அலைந்த நாட்கள் அவை. கொரோனாவில் பலருக்கு உயிர் ஆபத்து வந்தது வைரஸால் மட்டுமல்ல. அதை எதிர்த்துச் சொந்தக் காவல் படை மிதமிஞ்சிக் கொதித்ததும் ஒரு காரணம். ஆகவே முடக்கு வாத மருந்தான பாரிசிடினிப்பை அந்த நெருக்கடியில் பயன்படுத்த நம் நாட்டில் அனுமதித்தார்கள். ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி, காப்புரிமை இருந்தாலும் மருந்தைத் தயாரிக்கக் கட்டாய உரிமம் வேண்டும் என்று அரசிடம் மனுப் போட்டது. மருந்தின் சொந்தக்காரரான எலி லில்லி, சிப்லா, லூபின், சன் பார்மா முதலிய இந்தியக் கம்பெனிகளுக்குத் தானே முன்வந்து உரிமம் கொடுத்தது. கடுமையான கொரோனாவுக்கு இந்த மருந்தை உலக சுகாதார நிறுவனமும் 2022 ஜனவரியில் உறுதியாகச் சிபாரிசு செய்தது.

டோஃபாசிடினிப்பையும் இப்போது இந்தியக் கம்பெனிகள் பல வேறு வேறு பெயர்களில் தயாரிக்கின்றன. ஆகவே மருந்து நம் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்து விட்டது. எட்டும் தூரத்துக்கு வந்து விட்டதால்தான் ஜாக்கிரதையும் அதிகமாக வேண்டியிருக்கிறது!

கதவைச் சாத்தினால் காவலும் குறையும்

கலகக்காரர் வருகிற அதே வாசல் வழியாகத்தான் நல்ல காவல்காரரும் வருகிறார். அதைப் பாதி சாத்தும்போது கிருமிகளுக்குக் கொண்டாட்டம்தானே?

50 வயதும் அதற்கு மேலும் ஆகி, இதய நோய்க்கு ஏதாவது ஒரு காரணமாவது இருந்த 4,362 முடக்கு வாத நோயாளிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. வேறுவகை ஊசி மருந்து போட்டுக் கொண்டவர்களைவிட டோஃபாசிடினிப் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் சற்று அதிகமாகவே காணப்பட்டன. ஆகவே 2021 செப்டம்பரில் அமெரிக்க மருந்துத் துறை, டோஃபாசிடினிப், பாரிசிடினிப், உபாடாசிடினிப் மூன்றுக்கும் கடுமையான எச்சரிக்கை சேர்த்தது. வயதானவர்கள், புகை பிடிப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வேறு வழி இருந்தால் அதையே பார்க்க வேண்டும் என்பதுதான் டாக்டர்களின் இன்றைய முறை.

என்ன, பயந்து விட்டீர்களா? பயம் வேண்டாம். மூட்டை அப்படியே விட்டு வைத்தாலும் ஆபத்துதான். எலும்பு அரித்து, விரல் கோணிப் போனால் எந்த மாத்திரையாலும் நிமிர்த்த முடியாது. தேவையான ஆளுக்கு, சோதித்துப் பார்த்து, கண்காணிப்போடு கொடுத்தால் இது நல்ல மருந்து. சும்மா வாங்கித் தின்றால் வினை.

இவற்றை மறக்காதீர்கள்

1. அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். கம்பெனிப் பெயர் எதுவாயிருந்தாலும் மருந்தின் பெயர் 'சிடினிப்' என்று முடிந்தால் அது இந்த வகைதான். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. அடுத்தவருக்குத் தானம் செய்யவும் கூடாது.

2. முதலில் டி.பி. சோதனை. நம் நாட்டில் பலருடைய உடம்பில் டி.பி. கிருமி சத்தமில்லாமல் தூங்கிக் கொண்டிருக்கும். காவல் குறைந்தால் விழித்துக் கொள்ளும். மார்பு எக்ஸ்ரேயும், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மேண்டோ சோதனையும் அல்லது ரத்தச் சோதனையும் அவசியம். எங்கள் தெருப் பெண்ணுக்கு மேண்டோ ஊசி போட்ட இடம் நன்றாகத் தடித்து விட்டது. அந்த அட்டையை அப்படியே விழுங்கியிருந்தால்? நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது.

3. கல்லீரல் வைரஸ் சோதனையும் உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு ரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றை டாக்டர் சொல்லும் இடைவெளியில் சோதிக்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று தட்டிக் கழிக்காதீர்கள்.

4. அக்கி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு அதிகம். செம்மண் குழைத்து அக்கி எழுதி விட்டுச் சும்மா இருந்து விடக் கூடாது. தாமதித்தால் வலி மாதக் கணக்கில் இழுக்கும்.

5. காய்ச்சல், விடாத இருமல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு முட்டினாலோ, மார்பு வலித்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி!

6. தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுக் கொள்ள வேண்டும். அம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மாத்திரை சாப்பிடும் காலத்தில் போடக் கூடாது.

7. கர்ப்பமாக இருக்கும்போதும், தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த மாத்திரைகள் வேண்டாம். குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே, கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவதும் தப்பு, மறைப்பதும் தப்பு.

8. டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின் இந்த மாத்திரையின் பலனைக் குறைத்து விடும். படர்தாமரை, பூஞ்சை நோய்களுக்குத் தரும் சில மாத்திரைகள் இதன் அளவை ஏற்றி விடும். ஆகவே நீங்கள் சாப்பிடும் அத்தனை மாத்திரைகளையும் பையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்தையும்தான்!

முதல் படி பழைய மாத்திரையே

புதுசு வந்ததும் பழசு போய் விடவில்லை. முடக்கு வாதத்துக்கு டாக்டர்கள் இன்றும் முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரைதான். விலை குறைவு, அனுபவம் அதிகம். அது போதாதபோதுதான் புது மாத்திரை அல்லது ஊசி. எங்கள் தெருப் பெண்ணுக்கும் அதுவே போதுமானதாகி விட்டது. மூன்று மாதத்தில் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. புது மாத்திரைக்குத் தேவையே ஏற்படவில்லை.

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை! மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் காலண்டரில் அந்தக் கிழமையில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, நாமே எடுத்துக் கொடுத்து விடுவது நல்லது. கர்ப்ப காலத்துக்கு இதுவும் ஆகாது.

எங்கே போவது?

ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கியிருந்தால் தள்ளிப் போடாதீர்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்து விட்டது. கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவையாறு வழியாகப் போனால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. மேற்கொண்டு போக வேண்டியிருந்தால் சென்னை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகிய இடங்களில் வாத நோய்க்கென்றே தனித்துறைகள் இருக்கின்றன.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். காலையில் எத்தனை நேரம் விறைப்பு, எந்தெந்த மூட்டு, எத்தனை வாரமாக, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டு போங்கள். கணவரையோ மாமியாரையோ கூட அழைத்துப் போனால் இன்னும் நல்லது. "சோம்பேறித்தனத்துக்கு ஒரு சாக்கு" என்று நினைத்துக் கொண்டிருந்தவர்கள், டாக்டர் வாயால் கேட்டால் மாறுவார்கள். புது மாத்திரை எழுதினால், "எத்தனை மாதம் சாப்பிட வேண்டும், மாதம் எவ்வளவு செலவாகும், இதே மருந்து குறைந்த விலையில் வேறு கம்பெனியில் கிடைக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள். பாதியில் காசில்லாமல் நிறுத்துவதைவிட, முதலிலேயே கேட்டு விடுவது மேல்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுகிறோம், மாமனாருக்கு இருமல் என்றால் கஷாயம் வைக்கிறோம். நம் விரல் வலிக்குத்தான் நாள் நட்சத்திரம் பார்த்துக் கொண்டிருக்கிறோம். இந்த நோயில் முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். அப்போது கவனித்துக் கொண்டால் கை கையாகவே இருக்கும். அந்தக் கைகளுக்காக ஒரு நாள் சமையலைத் தள்ளி வைத்தாலும் குடி ஒன்றும் முழுகிப் போய் விடாது!